வெளியே போகாத படம்

பேக்கரியை மகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருக்கிறேன் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒப்படைக்கவும் இல்லை, ஓய்வாக இருக்கவும் இல்லை. சாவிக்கொத்தை அவள் கையில் கொடுத்தது உண்மைதான். கொடுப்பதற்கு முன்னால் பின்கதவுச் சாவியை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதும் உண்மை. முட்டி தேய்ந்துவிட்டது, இனி ஓவன் முன்னால் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிற்கத்தானே கூடாது, எட்டிப் பார்க்கலாமே என்று நான் அதற்கு அர்த்தம் செய்துகொண்டேன்.

என் அப்பா தொடங்கிய கடை அது. முன்னால் கண்ணாடி அலமாரி, அதற்குப் பின்னால் க்ரீம் வேலை நடக்கும் நீள மேசை, அதற்கும் பின்னால் ஓவன், கடைசியில் ஆட்கள் டீ குடிக்கும் சின்ன அறை. எந்தக் கேக்காக இருந்தாலும் என் கண்ணில் படாமல் கண்ணாடி அலமாரிக்குப் போகாது. சுழல்பலகையில் கொண்டுவந்து வைப்பார்கள். நான் முட்டியை மடக்கி, கேக்கின் மட்டத்துக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகையை ஒரு சுற்றுச் சுற்றுவேன். பிறகு நிமிர்ந்து இரண்டடி பின்னால் போவேன். "போகலாம்" என்பேன், இல்லையென்றால் "இது வெளியே போகாது" என்பேன். காரணம் சொல்லும் வழக்கம் கிடையாது. எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

வெளியே போகாத கேக் பின்னறை மேசைக்குப் போகும். யார் செய்தாரோ அவரே கத்தியை எடுத்து முதல் துண்டை வெட்டித் தின்ன வேண்டும். பிறகு எல்லோரும் தின்பார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, யாரும் குத்திக்காட்டக் கூடாது. இது என் அப்பா காலத்துச் சட்டம். சின்ன வயதில் நானும் முதல் துண்டு நிறையவே தின்றிருக்கிறேன். இன்றைக்கு இருக்கும் இந்தத் தொப்பைக்கு அஸ்திவாரம் அப்போது போட்டதுதான்.

மகளால் இந்தக் கடையைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை. அவளுக்கு வேலை தெரியாது என்று நாக்குமேல் பல்லுப்போட்டுச் சொல்ல முடியாது. என்னைவிட நன்றாகவே ரோஜா போடுவாள். ஆனால் யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. நான் எதைச் சொன்னாலும் ஒரு நொடி பேசாமல் இருப்பாள், பிறகு "சரிப்பா" என்பாள். ஓவனை இடம் மாற்று என்றால் "சரிப்பா." மாற்றியது சரியில்லை, பழைய இடத்திலேயே வை என்றால் அதற்கும் "சரிப்பா." பெற்ற அப்பனிடமே இப்படி என்றால் மாவு வியாபாரியிடம் என்ன சொல்வாள்? பேரம் பேசுகிறவர்களிடம், லீவு கேட்கிற ஆட்களிடம் என்ன சொல்வாள்? ஆளாளுக்கு இவள் தலையில் மிளகாய் அரைத்துவிட்டுப் போய்விடுவார்கள், கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று நான் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

அதற்கு ஏற்றாற்போல் தினமும் காலையில் கடை திறக்கும் முன் அவளிடமிருந்து போன் வரும்.

"அப்பா, இன்னைக்குக் கடைக்கு வருவீங்களா?"

பாவம், நான் இல்லாமல் பிள்ளை தடுமாறுகிறது என்று எனக்கு மனசு இளகிவிடும். "வராம எங்கம்மா போகப்போறேன்" என்பேன். ஒரு நொடி சத்தம் இருக்காது. பிறகு "சரிப்பா."

ஒருநாள் நான் போகும்போது மாவு வியாபாரி கடையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். என் நெடுநாள் சிநேகிதர். எப்போது பார்த்தாலும் தோளில் கைபோட்டு, என் கேக்கைப் புகழ்ந்து, அப்படியே மூட்டையை இறக்கிவிட்டுப் போகிறவர். அன்றைக்கு என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போய்விட்டார். என் மகளை நன்றாக ஏமாற்றிவிட்டு, என் முன்னால் சிரித்துவிடக் கூடாதே என்றுதான் தலையைக் குனிந்துகொண்டார் என்று எனக்குப் பட்டது. அன்று முதல் அரைமணி நேரம் முன்னதாகவே கடைக்குப் போக ஆரம்பித்தேன்.

போய் என்ன கிழித்தேன் என்று கேட்டால், ஒரு காரியத்தைச் சொல்கிறேன். ஏதோ ஓர் ஆபீசுக்குப் பெரிய கேக் ஆர்டர். வெள்ளை க்ரீம், மேலே ஒரு பூகூட வேண்டாம், அவர்களே ஏதோ அட்டை வைத்துக்கொள்வார்களாம். மகள் பாங்குக்குப் போயிருந்தாள். கேக் மேசைமேல் மொட்டையாக உட்கார்ந்திருந்தது. எனக்குக் கை அரித்தது. க்ரீம் கோனை எடுத்து நான்கு மூலையிலும் நான்கு ரோஜா, சுற்றிலும் சங்கு பார்டர், நடுவில் பெயர் எழுத இடம் என்று வழக்கம்போல முடித்துவிட்டேன். அப்பா காலத்திலிருந்து எங்களோடு இருக்கும் ஓவன் மாஸ்டர் ஓரமாக வந்து நின்றார்.

"முதலாளி, அவங்க பூ வேணாம்னாங்க."

"வேணாம்னு சொல்றவங்களுக்கு வேணும்னு தெரியாது மாஸ்டர். நீங்க போய் ஓவனப் பாருங்க."

மகள் திரும்பி வந்து கேக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பரவாயில்லப்பா" என்றாள். அதற்குப் பிறகு அவளும் மாஸ்டரும் மதியச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் முழுக் கேக்கையும் புதிதாகச் செய்தார்கள் என்பதை நான் மாலையில்தான் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. பார், என்னைக்கூட ஒரு வார்த்தை கண்டிக்கத் தெரியவில்லை, இவள் எப்படிக் கடை நடத்துவாள் என்று என் கவலைதான் இன்னும் கூடியது.

மனைவி அன்றைக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் எதிரே உட்கார்ந்தால் சங்கதி பெரிது.

"கை அரிச்சா எங்கயாவது போய் எதையாவது கத்துக்கோங்க. ஊர்ல எத்தனையோ கிளாஸ் நடக்குது."

"இந்த வயசுலயா?"

"கேக்குக்கு வயசு பாத்தீங்களா?"

அதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் கிளம்பினேன்.

முதலில் பாட்டு. மாவு பிசையும் மிஷின் சத்தத்தைத் தாண்டிக் கத்திப் பழகிய தொண்டை என்னுடையது. அதற்கு இரண்டே நிலைகள், கத்துவது, தூங்குவது. பாட்டு வாத்தியார் நல்ல மனிதர். "ஐயா, நீங்க கேக்கறதுலதான் கெட்டிக்காரர்" என்று சொல்லி என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார். இரண்டாவது வாரம் அந்த வரிசை வாசலுக்கு வெளியே நகர்ந்திருந்தது.

அடுத்து கவிதை. நூலகத்தில் ஒரு கூட்டம் சேர்ந்து எழுதிப் படிப்பார்கள். கேக்மேல் எழுதி எழுதியே என் கைக்கு ஒரு வரிக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் போகாது. மூன்று வரிக்கு மேல் இடமும் இருக்காது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள், நவீனமாக இருக்கிறது என்றார்கள். ஆனால் எதை எழுதினாலும் கடைசி வரி வாழ்த்தாக முடிந்தது. ஒருநாள் மரணத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் எழுந்து உணர்ச்சியோடு படித்தேன். 'மரணமே, நீடூழி வாழ்க' என்று அது முடிந்ததும், இரண்டு பேர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

அதே நூலகத்தின் மாடியில்தான் ஓவிய வகுப்பு. டீச்சர் என் மகள் வயதுக்காரி, கொண்டையில் பென்சிலைச் செருகிவைத்துக்கொண்டு அதையே அறை முழுக்கத் தேடுவாள். எனக்கு பிரஷ் பிடிக்க வரவில்லை. விரலால் செய்கிற வேலை அது, எனக்கோ பலமெல்லாம் உள்ளங்கையில். வீட்டுக்குப் போய் எண்ணெய்த்தாளைச் சுருட்டி ஒரு கோன் செய்து, பெயிண்டை அதில் நிரப்பிக்கொண்டு வந்தேன். டீச்சர் பார்த்துவிட்டு என் மேசைமேல் பழைய பேப்பரை விரித்துப்போட்டாள். மற்றவர்களுக்கு மாசக்கணக்கில் வரும் பெயிண்ட் எனக்கு ஒரே ஏரிக்குத் தீர்ந்துபோனது. ஏரியைச் சுற்றிலும் கரை, கரை முழுக்கச் சங்கு சங்காக அலை. நடுவில் வெள்ளைத்தாள் அப்படியே இருந்தது.

"நடுவுல என்னங்கய்யா வரப்போகுது?" என்று டீச்சர் கேட்டாள்.

"பேரு."

"யார் பேரு?"

"அத ஆர்டர் குடுக்கும்போது சொல்லுவாங்க" என்றேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அசடு வழிந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து அருவி வரைந்துகொண்டிருந்த பல் டாக்டர் சிரித்துச் சிரித்து அருவியையே கலைத்துவிட்டார். அடுத்த வாரம் பழிக்குப் பழியாக அவர் முகத்தை வரைந்தேன். முகம் வட்டமாக நன்றாகவே வந்தது, காது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரோஜா, நாடியைச் சுற்றிப் பார்டர், கண்ணும் மூக்கும் வர வேண்டிய இடம் காலி. அதற்கு மேல் என் கை நகரவில்லை. வாழ்நாள் முழுவதும் விட்டுவைத்த இடத்தில் எதையாவது போடு என்றால் எப்படிப் போடும்?

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வகுப்பில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோனை அழுத்தும்போது பெயிண்ட் க்ரீம் மாதிரியே மெத்தென்று இறங்கும். அடுப்புச் சூடு இல்லை, உருகிவிடுமே என்ற பயம் இல்லை, வாசலில் யாரும் காத்துக்கொண்டு நிற்கவில்லை. சந்தோஷம் தலைக்கேறி, நான் ஒரு கலைஞன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மகள் கடைக்கு வெள்ளையடித்தாள். வாடிக்கையாளர்கள் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் எதிர்ச்சுவர் காலியாகிவிட்டது. நான் கயிறு கொண்டுபோய் அளந்தேன்.

"இந்தச் செவுத்துக்கு நான் ஒரு படம் வரைஞ்சு தரேம்மா."

ஒரு நொடி. "சரிப்பா."

மற்ற எல்லா விஷயத்திலும் அவளுடைய 'சரி'யைக் கோழைத்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், இந்தச் 'சரி'யில் மட்டும் அவளுடைய ரசனையைக் கண்டேன்.

மழைக்காலம் முழுவதும் அதை வரைந்தேன். கடலில் சூரிய உதயம். கீழே அலை, மேலே மேகம், இரண்டு பக்கமும் பாறை. நடுவில் சூரியன் வர வேண்டும். கோனை எடுத்துக்கொண்டு நடுவுக்குப் போவேன், கை திரும்பி வந்துவிடும். கடைசியில் சூரியனை மேல்மூலையில் வைத்தேன். ஒரு மூலையில் மட்டும் பூ வைத்த கேக்கை நான் ஆயுளில் வெளியே விட்டதில்லை. அதனால் எதிர்மூலையிலும் ஒரு சூரியன் வைத்தேன். அப்புறம் கீழே இரண்டு மூலையும் மூளியாகத் தெரிந்தன. டீச்சர் வந்து நீண்ட நேரம் பார்த்தாள். கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்தாள், மறுபடி செருகிக்கொண்டாள்.

"இது உங்களோட படம்ங்கய்யா. வேற யாராலயும் இப்படி வரைய முடியாது" என்றாள்.

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அந்த அறையில் நான்தான்.

படம் காய்ந்ததும் பழைய போர்வையில் சுற்றி, பல் டாக்டரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லிக் கடைக்குக் கொண்டுபோனேன். காலை விற்பனை ஓய்ந்த நேரம். க்ரீம் மேசைமேல் வைத்துச் சுவரில் சாய்த்துப் போர்வையை உருவினேன். ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கூடினார்கள். ஓவன் மாஸ்டர் மாவு மிஷினைப் பார்த்துக்கொண்டே, "பிரமாதம் முதலாளி" என்றார்.

மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். படத்தின் முன்னால் நின்றாள். பிறகு முட்டியை மடக்கிக் குனிந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு மெதுவாக நகர்ந்தாள். நிமிர்ந்தாள். இரண்டடி பின்னால் போனாள்.

நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் குனியும்போது எதிரே நிற்கிற ஆட்களுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. யாரோ மாவு மிஷினை நிறுத்தினார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடி போயிற்று, இன்னொரு நொடியும் போயிற்று. 'சரிப்பா' வரவில்லை.

"இது வெளியே போகாதுப்பா" என்றாள்.

பல் டாக்டர் எதற்கோ இருமினார். எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்வானேன், நன்றாகவே வலித்தது. மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து செய்தது. அந்தக் கடையில் யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வியை நான் அவளிடம் கேட்டேன்.

"ஏம்மா?"

"காரணம் நீங்க என்னைக்காவது சொல்லியிருக்கீங்களாப்பா?" என்றாள். பிறகு மனசு கேட்காமல், "நாலு சூரியன் இருக்குப்பா" என்று மெதுவாகச் சொன்னாள்.

சட்டம் என்றால் சட்டம். படத்தை நானே தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். மாஸ்டர் சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். டீ குடிக்கும் மேசைக்கு மேலே நானே ஆணி அடித்தேன், நானே மாட்டினேன். முதல் அடி கட்டைவிரலில் விழுந்தது. பிறகு எல்லோரும் உட்கார்ந்து டீ குடித்தோம். படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதுவும் சட்டம்தான். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் டம்ளர் காலியாகும் முன்பே அதில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது வலி இருந்த இடத்தில் வேறொன்று எழும்பிக்கொண்டிருந்தது. அது சந்தோஷம்தான். சொல்லிவிட்டாளே. என்னிடமே, எல்லோரும் பார்க்க, முகத்துக்கு நேரே 'போகாது' என்று சொல்லிவிட்டாளே. இனி எந்தக் கொம்பன் வந்தாலும் இவள் சமாளித்துக்கொள்வாள், கடை பிழைத்துக்கொண்டது. முட்டி வலியை மறந்து வேகமாக நடந்தேன்.

மனைவி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கட்டைவிரலை ஊதிக்கொண்டே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"கவலை விட்டுச்சு. நம்ம பொண்ணு முடியாதுன்னு சொல்லக் கத்துக்கிட்டா."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவ முதல் நாள்லேர்ந்தே சொல்லிக்கிட்டுதான் இருக்கா. உங்ககிட்டதான் சொல்ல முடியாம இருந்துச்சு."

"என்ன சொல்ற?"

"மாவுக்காரர் இங்க வந்து எங்கிட்ட அழுதுட்டுப் போனாரு. ஈரமூட்டை ஒண்ணுகூட எடுக்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாளாம். நீங்க அத்தனை வருஷமா சிநேகிதம்னு வாங்கிப்போட்ட மூட்டைங்க அதெல்லாம்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக மனசில் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு போன மாவு வியாபாரி. மதியச் சாப்பாடு இல்லாமல் மறுபடி செய்த வெள்ளைக் கேக். இடம் மாறித் திரும்பி வந்த ஓவன். கடைக்கு என்ன ஆபத்து வந்துவிடுமோ என்று நான் அத்தனை நாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆபத்து தினமும் பின்கதவு வழியாக வந்துபோனதை நான் பார்க்கவில்லை.

"அப்ப தினமும் காலையில போன் பண்றது?"

மனைவி, "அந்தப் பீன்ஸ்ல நாரெடுங்க" என்று தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் சட்டைப் பையிலிருந்து பின்கதவுச் சாவியை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தேன். அவள் அதை எடுத்து அலமாரியில் போட்டாள். என்னிடம் அது இருந்தது அவளுக்குப் புதிதில்லை போலிருந்தது.

மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்குப் போன் வந்தது.

"அப்பா, இன்னைக்குக் கடைக்கு வருவீங்களா?"

எத்தனையோ மாதங்களாகக் கேட்ட அதே குரல். அதில் ஒரு பயம் இருந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். நேற்று சொன்னதற்காக நான் கோபித்துக்கொண்டேனோ என்ற பயமும் அதில் சேர்ந்திருந்தது.

"இல்லம்மா, எனக்கு கிளாஸ் இருக்கு. நேத்து நீ சொன்னது சரி. நாலு சூரியன் கொஞ்சம் அதிகந்தான்."

அவள் சிரித்தாள். "சரிப்பா" என்றாள். எப்போதும் அதற்கு முன்னால் வரும் அந்த ஒரு நொடி, அன்றைக்கு வரவில்லை.

போனை வைத்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கிளாஸ் என்று சொன்ன பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாதே. நூலகம் பூட்டியிருந்தது, அன்றைக்கு அதற்கு விடுமுறை. வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.